பழைய கூண்டு, நான்கு பேண்டம் கோழிகள்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். நான்கு பேண்டம் (சிறிய உடல் கொண்ட ரகம்) கோழிகளுக்காகப் பழைய மரக்கூண்டு ஒன்று வாங்கினேன். நான்கடி நீளம், மூன்றடி அகலம். பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. கொண்டுவந்து வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

முதல் தொல்லை செள், அதாவது கோழியின் ரத்தம் குடிக்கும் பொடி உயிர். பகலில் ஒன்றும் கண்ணில் படவில்லை. இரவு டார்ச் அடித்து, கோழிகள் அடையும் கட்டையைத் தூக்கிப் பார்த்தால், அதன் முனை பொருந்தும் பள்ளத்தில் செங்கல் பொடி சிந்தியதுபோல் ஊர்ந்துகொண்டிருந்தன. நசுக்கினால் விரலில் ரத்தக் கறை. கோழிகளை வேறு பெட்டிக்கு மாற்றி, வெந்நீர் ஊற்றி, விரிசல்களைத் தேய்த்துக் கழுவினேன். சில நாளில் திரும்ப வந்துவிட்டன. கூரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் என்று சந்தேகம். அதைப் பிய்த்து எடுத்துவிடலாமா?

அப்புறம் காற்று. ஒரே ஒரு சன்னல், அதுவும் கோழி உட்காரும் உயரத்திலேயே. காலையில் கதவைத் திறந்தால் அம்மோனியா வாடை கண்ணைக் கரிக்கிறது. கூரைக்குச் சற்றுக் கீழே இரு பக்கமும் நீளமாக வெட்டி, அரை அங்குலக் கட்டமுள்ள வெல்டு கம்பி வலை அடிக்க நினைக்கிறேன். சாரல் உள்ளே வராமல் இருக்கக் கூரையை எவ்வளவு நீட்ட வேண்டும்?

முட்டையிடும் பெட்டி கட்டையைவிட உயரத்தில் இருக்கிறது. இரண்டு கோழிகள் ராத்திரி அதில்தான் படுத்து அசிங்கம் செய்கின்றன. கட்டையை உயர்த்துவதா, பெட்டியை இறக்குவதா?

கதவுக்கு வெறும் கொக்கிதான். நல்ல தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். "புதிதாக வாங்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள், வீட்டில் அதை ஏற்கெனவே கேட்டாயிற்று.