கிளவுடு இல்லாமல் இந்த வைஃபை கேமராவை ஓட்ட வழி உண்டா?

இடம் கோத்தகிரி, தோட்ட வீடு. கரடியும் காட்டெருமையும் வாசல்வரை வரும், மழைக்காலத்தில் நெட் அடிக்கடி போகும்.

கேமரா: 3 மெகாபிக்சல், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும், லேன் போர்ட் இல்லை. பெட்டியில் "மெமரி கார்டு ரெக்கார்டிங்" என்றுதான் போட்டிருந்தது. ஜூன் ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பின் அதற்கும் மாதச் சந்தா கேட்கிறது. கான்டாக்ட் அனுமதி கொடுக்காவிட்டால் ஆப்பே திறக்காது. கேமராவுக்கு என் போன்புக் எதற்கோ!

பார்த்தவை: ஃபேக்டரி ரீசெட் செட்டிங்கை மட்டும் அழிக்கிறது, பழைய ஃபர்ம்வேர் திரும்பவில்லை. ரூட்டரில் வெளி இணையத்தைத் தடுத்தால், சர்வர் கிடைக்காமல் சில நிமிடத்தில் ரீபூட் ஆகி, ஆரஞ்சு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. போர்ட் ஸ்கேனில், நேரடி வீடியோ (ஆர்டிஎஸ்பி) வழக்கமாக வரும் 554, 8554 போர்ட்கள் இரண்டும் மூடியிருக்கின்றன. ஆன்விஃப் (வெவ்வேறு கம்பெனி கேமராக்களை இணைக்கும் பொதுத் தரம்) தேடலிலும் சிக்கவில்லை. அதாவது என்விஆரில் (வீட்டிலேயே வைக்கும் வீடியோ ரெக்கார்டர்) சேர்க்க முடியாது. கார்டில் உள்ள பழைய ஃபைல்களும் என்கிரிப்ட் ஆனவை, விஎல்சியில் ஓடவில்லை. ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது.

கழற்றிப் பார்த்ததில் இன்ஜெனிக் டி31 சிப், பக்கத்தில் ஃபர்ம்வேர் இருக்கும் 8 கால் ஃபிளாஷ் மெமரி. கையில் ஃபிளாஷைப் படிக்க, எழுத சிஎச்341ஏ புரோகிராமர், அதன் கால்களில் மாட்டும் கிளிப் இருக்கின்றன. இந்தப் புரோகிராமரின் கருப்பு போர்டு டேட்டா லைனில் 5 வோல்ட் தள்ளும் என்பதால் 3.3க்கு மாற்றியாயிற்று.

டி31 போர்டில் ஃபிளாஷைக் கழற்றாமல், கிளிப் மாட்டியே தின்ஜினோ (இன்ஜெனிக் சிப் கேமராக்களுக்கான ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர்) ஏற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?