மருத்துவர்களின் மனப்பான்மையை அளப்பது எப்படி?

கேள்வி: தன்பாலீர்ப்புள்ள நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பதை வினாத்தாளால் அளந்துவிட முடியுமா? முதுகலை ஆய்வுக்காகக் கேட்கிறேன்.

பதில் 1: அமெரிக்க உளவியலாளர் கிரிகரி ஹெரெக்கின் மனப்பான்மை அளவுகோலில் 20 கூற்றுகள் உண்டு, தன்பாலீர்ப்புள்ள ஆண்களைக் குறித்துப் பத்தும் பெண்களைக் குறித்துப் பத்துமாகப் பிரித்து மதிப்பிடுவதால், இரு தரப்பினர் மீதுமுள்ள மனப்பான்மை வேறுபடுவதைக் காணலாம். அமெரிக்காவின் சான் டியேகோ பகுதி மருத்துவர்களிடம் 1982-இலும் 1999-இலும் நடந்த கணக்கெடுப்புகளையும் அவசியம் பாருங்கள். ஒரே ஊரில் காலமாற்றத்தைக் காட்டுபவை அவை.

பதில் 2: பெயர் எழுதாமல் நிரப்பச் சொல்லுங்கள், ஏனெனில் நல்லவராகத் தோன்றும் விடையையே எழுதும் இயல்பு எவருக்கும் உண்டு. நோயாளியின் துணையைப் பற்றி எப்படி விசாரிப்பீர்கள் என்ற நடைமுறை வினாவையும் சேருங்கள். அந்த ஒரு கேள்விக்கு அஞ்சியே என் தோழி இரண்டு ஆண்டுகள் மருத்துவமனைக்குப் போகவில்லை.

கேட்டவர்: மிக்க நன்றி. அந்த வினாவை முதலிலேயே வைக்கிறேன்.