வெளியான பிறகு படத்தைக் குறைக்கலாமா? நிதானமாகக் கதை சொல்லும் இயக்குநர்களைப் பற்றி ஒரு கேள்வி

தோ பாயோ ரசிகன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். 2024 செப்டம்பர் இறுதியில் பிரேம்குமார் இயக்கிய 'மெய்யழகன்' திரைக்கு வந்தது. படம் நீளமாக இருக்கிறது என்ற பேச்சு பரவலாக எழவே, வெளியான சில நாள்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடக் காட்சிகள் நீக்கப்பட்டன. முழுப் படத்தையும் குறைக்கப்பட்ட வடிவத்தையும் பார்த்தவன் என்ற முறையில், அந்த வெட்டு படத்துக்கு நன்மை செய்யவில்லை என்றே நான் உறுதியாக எண்ணுகிறேன்.

காரணம் இதுதான். சொத்துத் தகராறில் 1996இல் தஞ்சாவூர் வீட்டை விட்டு வெளியேறிய அருள்மொழி, பல ஆண்டுகள் கழித்து ஒரு திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே 'அத்தான், அத்தான்' என்று ஓயாமல் உருகும் ஒருவரிடம் அகப்பட்டுக்கொள்கிறார். ஆனால் அவருடைய பெயர்கூட இவருக்கு நினைவில்லை. அந்த மனிதர் இவர்மேல் எவ்வளவு அன்பு காட்டுகிறாரோ அவ்வளவுக்கு இவருடைய குற்றவுணர்வும் கனத்துக்கொண்டே போகிறது. அப்படிக் கனப்பதற்கு நேரம் வேண்டும். பேச்சைக் குறைத்தால் கதை விரைந்து செல்லும் என்பது உண்மைதான். ஆனால் பெயர் தெரியாமல் ஒருவர் வீட்டில் உண்டு உறங்குவதன் கூச்சம் பார்ப்பவரின் மனத்தில் முழுதாக ஏறாமல் போய்விடும்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. வெளியான படத்தைப் பார்வையாளர் கருத்துக்காகக் குறைப்பதை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா? நிதானமாகக் கதை சொல்லும் இன்றைய தமிழ் இயக்குநர்களுள் நீங்கள் யாரை நம்பித் திரையரங்குக்குச் செல்கிறீர்கள்? உயர்நிலை நான்கில் படிக்கும் என் மகள், தமிழ்ப் படம் என்றாலே கூச்சலும் சண்டையும்தான் என்ற முடிவுக்கு வந்துவிட்டாள். பள்ளி விடுமுறையில் ஓர் இயக்குநரைத் தேர்ந்தெடுத்து அவருடைய படங்களை வரிசையாக அவளோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன். யாரிடமிருந்து தொடங்கலாம்?

தெம்பனிஸ் வாசி:

வணக்கம். ஒன்றை மறந்துவிடக் கூடாது. மெய்யழகனை வெட்டியது வெளியாள் எவரும் அல்லர். இயக்குநரே அதை அறிவித்தார். தன் படத்தின் அளவை முடிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு. ஆயினும் அவர் அவசரப்பட்டுவிட்டார் என்ற வருத்தம் எனக்கும் இருக்கிறது.

பிரேம்குமார் ஒளிப்பதிவாளராக இருந்து இயக்கத்துக்கு வந்தவர். 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' அவர் ஒளிப்பதிவு செய்த படம். 2018இல் வந்த '96' படத்தையும் மெய்யழகனையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டிலும் நெடுநாள் பிரிந்திருந்த இருவர் ஓர் இரவு முழுவதும் பேசிக்கொண்டிருப்பதுதான் படத்தின் உயிர். விடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பும், விடியவே கூடாது என்ற ஆசையும் ஒன்றாக இருக்கும் அந்த இரவின் நீளத்தைப் பார்வையாளரும் உணர்ந்தால்தான் காலையில் நிகழும் பிரிவு வலிக்கும்.

நம் சிங்கப்பூரில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரங்களைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் மிகுதி என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டனார் காலத்து வீட்டை விற்றுப் பங்கு பிரித்தபோது ஏற்பட்ட மனக்கசப்பு இன்னும் ஆறாத வீடுகள் எனக்குத் தெரிந்தே பல உண்டு. இரண்டு தலைமுறையாக ஊர்ப் பக்கம் போகாதவர்களும் அந்தப் படத்தைப் பார்த்துக் கலங்கியதற்கு அதுவே காரணம் என்று கருதுகிறேன். அந்தப் பூர்வீகக் கதையை மகளுக்கு முதலில் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டுங்கள்.

ஈசூன் வாசகி:

ஐயா, தங்கள் கேள்வியின் அடிப்படையிலேயே நான் மாறுபடுகிறேன். நிதானம் வேறு, நீளம் வேறு. மூன்று மணி நேரம் ஓடினால்தான் ஓர் உணர்வு பழுக்கும் என்பது சரியானால், பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' எப்படிச் சாத்தியமாயிற்று? அது ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் படம். குடிகாரத் தந்தையும் சிறுவனான மகனும் கொளுத்தும் வெயிலில் வறண்ட நிலத்தில் நடக்கிறார்கள். கதை என்று சொல்லப்போனால் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறுவன் தாகத்துக்குக் கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்ளும்போது நமக்கு நா வறள்கிறது. பிற்பாடு, வீட்டில் அவன் சேர்த்து வைத்திருக்கும் கற்களைக் காணும்போது, இத்தகைய நடை இதுவே முதல்முறை அன்று என்பது ஒரு சொல்லும் இல்லாமல் புரிந்துவிடுகிறது. 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் உயரிய புலி விருதை அப்படம் பெற்றதிலும், ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதிலும் எனக்கு வியப்பில்லை.

அவருடைய அடுத்த படமான 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்டில் வந்தது. பின்னணி இசையே கிடையாது. வேறு சாதி இளைஞனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவு செய்து, குடும்பமே ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் அவளைச் சாமியாடியிடம் அழைத்துச் செல்கிறது. அந்தப் பயணம் முழுவதும் அன்னா பென் ஏற்ற பாத்திரம் கிட்டத்தட்ட வாய் திறப்பதே இல்லை. சுற்றியுள்ள ஆண்கள் அனைவரும் அவளைப் பற்றி உரக்கப் பேச, அவளோ பேச மறுக்கிறாள். அந்த மறுப்பு ஒன்றே அவர்கள் எல்லாருடைய குரலையும்விட வலிமையாக இருக்கிறது. மீனாவை மணக்கவிருக்கும் பாண்டியாக வரும் சூரி தொண்டை கட்டிய குரலோடு நடித்திருப்பதும் தற்செயலானதன்று. அதிகாரம் செலுத்துகிறவனுக்குக் குரல் எழவில்லை. அடக்கப்படுகிறவள் தன் குரலை விரும்பியே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

படம் முடிவைச் சொல்லாமல் நிற்கிறது என்று பலர் குறைப்பட்டார்கள். பாண்டி என்ன செய்ய வேண்டும் என்பதை இயக்குநர் நம்மிடம் விட்டுவிட்டார். அதைக் குறை என்று நான் கொள்ள மாட்டேன். கூச்சலை வெறுக்கும் தங்கள் மகளுக்கு வினோத்ராஜைக் காட்டிலும் பொருத்தமானவர் இல்லை. இரண்டே படங்கள் என்பதால் ஒரு வாரயிறுதிக்குள் பார்த்தும் விடலாம்.

பொத்தோங் பாசிர் நூலகப் பிரியன்:

நான் வெற்றிமாறன் கட்சி. பாலு மகேந்திராவிடம் பயின்றவர் அவர். தம்மிடம் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து சிறுகதைகள் படிக்க வைத்த ஆசான் பாலு மகேந்திரா. அந்தப் பழக்கத்தின் பயன் வெற்றிமாறனின் படங்களில் நன்றாகவே தெரிகிறது. மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நூல் 'விசாரணை' ஆயிற்று. பூமணியின் 'வெக்கை' நாவல் 2019இல் 'அசுரன்' ஆயிற்று. ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையிலிருந்து 'விடுதலை' பிறந்தது. இதற்கு முன்னோடியும் உண்டு. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை அடிப்படையாகக் கொண்டு மகேந்திரன் 1979இல் எடுத்த 'உதிரிப்பூக்கள்' இன்றும் நம்மை உலுக்குகிறது.

விடுதலையின் முதல் பாகத்தில், தொடர்வண்டி விபத்து நடந்த இடத்தினூடே கேமரா வெட்டே இல்லாமல் நெடுநேரம் நகரும் தொடக்கக் காட்சி, நிதானம் என்றால் என்ன என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு. பார்க்கச் சகியாததைப் பார்க்க வைத்துவிட்டு, பார்வையைத் திருப்பிக்கொள்ள அது இடம் தருவதில்லை. ஆனால் 2024 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்தைப் பற்றி அதே பெருமையோடு பேச என்னால் இயலவில்லை. முதல் பாகத்தில் குமரேசன் என்ற கடைநிலைக் காவலரின் கண் வழியே நாமாகக் கண்டுகொண்ட அரசியலை, இரண்டாம் பாகம் போராளித் தலைவரான பெருமாள் வாத்தியாரின் உரைகளாக எடுத்துச் சொல்கிறது. கருத்தில் எனக்குப் பிணக்கில்லை. காட்சி சொல்ல வேண்டியதை வசனம் எடுத்துக்கொண்டுவிட்டது என்பதே என் ஆதங்கம்.

உங்கள் மகளின் வயதைக் கருதி விசாரணையைத் தள்ளிவையுங்கள். அதன் காவல்நிலையக் காட்சிகள் பெரியவர்களையே தூங்க விடாது. வயது வரம்பைப் பார்த்துக்கொண்டு, முதலில் நூலகத்தில் 'வெக்கை'யை எடுத்து இருவரும் படித்துவிட்டு 'அசுர'னைப் பாருங்கள். நாவலில் உள்ள சிறுவனின் பார்வை, படத்தில் தந்தையின் கதையாக மாறியிருப்பதைப் பற்றி மட்டுமே ஒரு மாலை முழுவதும் பேசலாம்.

ஜூரோங் வாசகர்:

மாரி செல்வராஜின் பெயரை யாரும் சொல்லாதது எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது. 'கொட்டுக்காளி' வந்த அதே நாளில் 'வாழை'யும் வந்தது. ஒன்றில் இசையே இல்லை. மற்றொன்றில் சந்தோஷ் நாராயணனின் இசை நெஞ்சை அள்ளுகிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்கக் கிடைத்ததைத் தமிழ் ரசிகர்களின் நற்பேறாகவே நான் கருதுகிறேன்.

'வாழை'யில் பள்ளியை நேசிக்கும் சிவனைந்தன், விடுமுறை நாள்களில் வாழைத்தார் சுமந்தாக வேண்டும். ரஜினி, கமல் என்று நண்பர்களோடு அவன் போடும் சண்டையும், ஆசிரியையின்மேல் அவனுக்கு இருக்கும் வெள்ளந்தியான பாசமும் முதல் பாதியில் நம்மைச் சிரிக்க வைக்கின்றன. அந்தச் சிரிப்புக்கு இயக்குநர் வேண்டிய நேரம் கொடுத்ததால்தான், பாரம் மிகுந்த லாரி கவிழும்போது இறந்தவர்கள் ஒவ்வொருவரும் நமக்குத் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். இது அவர் தம் இளமைக்கால அனுபவத்திலிருந்து எடுத்த படம். உணர்ச்சியை வெளிப்படையாகக் காட்டுவதைப் பழைய பாணி என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாவு வீட்டில் வாய்விட்டு அழுகின்ற மக்களைப் பற்றிய படத்தில் அழுகை ஒலிக்கத்தான் வேண்டும்.

'பரியேறும் பெருமாள்' படத்தில் தொடங்கி 'கர்ணன்', 'மாமன்னன்', 'வாழை', 'பைசன்' என்று வரிசையாகச் செல்லுங்கள். 'பரியேறும் பெருமா'ளின் இறுதியில் மேசைமேல் இருக்கும் இரண்டு தேநீர்க் குவளைகளைப் பற்றி மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். இடையில் சற்று இளைப்பாற வேண்டுமானால், மாரி செல்வராஜ் உதவி இயக்குநராக இருந்து தொழில் கற்ற ராமின் 'பறந்து போ' இருக்கிறது. 2025இல் வந்த அந்தப் படத்தில் தந்தையும் மகனும் வீட்டை விட்டுக் கிளம்பி ஊர் சுற்றுகிறார்கள். வேலையும் கடனுமாக ஓடும் பெற்றோர் எவரும் பிள்ளையோடு அமர்ந்து பார்க்கலாம்.

உட்லண்ட்ஸ் குடியிருப்பாளர்:

எல்லாரும் தமிழ்நாட்டு இயக்குநர்களையே பேசுகிறீர்கள். நம் பக்கத்திலும் பார்க்க வேண்டியவை உண்டு. எரிக் கூ இயக்கிய 'மை மேஜிக்' பெரும்பாலும் தமிழில் பேசும் சிங்கப்பூர்ப் படம். குடியில் சீரழிந்த முன்னாள் மந்திரவாதி ஒருவர், தம் மகனின் மதிப்பை மீண்டும் பெறுவதற்காகத் தம் உடலையே வருத்திக்கொள்ளும் கதை அது. 2008இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதுக்குப் போட்டியிட்ட முதல் சிங்கப்பூர்ப் படம் அது என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் மொழி பேசிய படம் அந்த மேடையில் நின்றிருக்கிறது. 2015இல் நாட்டின் பொன்விழா ஆண்டுக்காக ஏழு இயக்குநர்கள் சேர்ந்து எடுத்த '7 லெட்டர்ஸ்' தொகுப்பிலும் கே. ராஜகோபாலின் பகுதி, பிரிட்டிஷ் படைகள் வெளியேறிய காலத்து இந்தியக் குடும்பம் ஒன்றின் பிளவைக் காட்டுகிறது.

பாலத்துக்கு அப்பால் மலேசியாவில் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த 'ஜகாத்' இருக்கிறது. தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழர் வாழும் புறம்போக்குக் குடியிருப்பில், படித்து முன்னேறு என்று அடிக்கும் தந்தைக்கும் குண்டர் கும்பலின் ஈர்ப்புக்கும் நடுவே வளரும் அப்போய் என்ற சிறுவனின் கதை. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. சென்னைத் தமிழும் இல்லை, மதுரைத் தமிழும் இல்லை. நாம் ஜோகூரில் கேட்கும் அதே பேச்சு. உங்கள் மகளுக்கு சப்டைட்டில் தேவைப்படாத தமிழ்ப் படம் அதுவாகத்தான் இருக்கும். அந்த இயக்குநரைப் போல ஒருவர் நம் ஈரறை வீடுகளையும் அடுக்குமாடிக் கீழ்த்தளங்களையும் பொறுமையாகப் படமாக்க வேண்டும் என்று நான் ஏங்குகிறேன்.

தோ பாயோ ரசிகன்:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஈசூன் அம்மையாரின் வாதம் வலுவானது. நீளமே நிதானம் ஆகிவிடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் 'கூழாங்கல்' நடையைக் காட்டுகிறது, 'மெய்யழகன்' பேச்சைக் காட்டுகிறது. பேசித் தீராத உறவுக்கு அந்தப் பதினெட்டு நிமிடமும் தேவைப்பட்டது என்ற கருத்தில் நான் மாறவில்லை.

முதல் வாரத்துக்கு 'கூழாங்க'ல்லையும் அடுத்த வாரத்துக்கு 'வாழை'யையும் தேர்ந்தெடுத்துவிட்டேன். 'வெக்கை'யை நூலகத்தில் முன்பதிவு செய்யப்போகிறேன். உட்லண்ட்ஸ் நண்பரே, 'ஜகாத்' படத்தை இங்கே முறைப்படி எங்கே பார்க்கலாம் என்று தெரிந்தால் சொல்லுங்கள். திரையிடல் ஏதேனும் இருந்தால் என் பெற்றோரையும் அழைத்துவர விரும்புகிறேன்.