எங்கள் வீட்டு மக்கள் (வாட்ஸ்அப் குழு)

பெரியப்பா: கார்த்தி, வாக்கிங் வரும் நண்பர் ஒரு கிரிப்டோ டோக்கன் சொன்னார். இப்போதே 9,000 பேர் வைத்திருக்கிறார்களாம். அந்தப் பட்டியலை எடுக்க முடியுமா?

கார்த்தி: எந்தப் பிளாக்செயின், பெரியப்பா? காண்ட்ராக்ட், அதாவது டோக்கனை இயக்கும் புரோகிராம், அதன் முகவரி அனுப்புங்கள்.

பெரியப்பா: எத்தீரியம் என்றார். முகவரியை உனக்குத் தனியே அனுப்பிவிட்டேன்.

நித்யா: எத்தீரியம் பதிவுகளைக் காட்டும் ஈத்தர்ஸ்கேன் தளத்தின் ஏபிஐயில், அதாவது புரோகிராம் வழியாகத் தகவல் கேட்கும் வசதியில், ஹோல்டர் லிஸ்ட் இருக்கிறதே. ஒரே ரிக்வெஸ்ட்.

கார்த்தி: அது கட்டணத் திட்டத்தில்தான் வரும். என்னிடம் இருப்பது இலவசக் கீ.

அத்தை: வாக்காளர் பட்டியலே சும்மா கிடைக்கிறது, இதற்குக் காசா?

கார்த்தி: அப்படி ஒரு பட்டியலே செயினில் கிடையாது, அத்தை. ஒரு முகவரியைக் கொடுத்தால் அதில் எவ்வளவு இருக்கிறது என்று காண்ட்ராக்ட் சொல்லும். யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. இந்த டோக்கன்கள் பின்பற்றும் ஈஆர்சி-20 விதிமுறை அப்படித்தான். முதல் நாளிலிருந்து நடந்த ஒவ்வொரு டிரான்ஸ்ஃபரையும் படித்து, வாங்கியவருக்குக் கூட்டி, கொடுத்தவருக்குக் கழித்து, நாமே கணக்குப் போட வேண்டும். மளிகைக் கடை நோட்டு மாதிரி.

கார்த்தி: 3 வாரக் குழந்தைதான் இது, படிக்க வேண்டிய டிரான்ஸ்ஃபர் பதிவுகள் அதிகமில்லை. ராத்திரி ஓடவிடுகிறேன்.

(மறுநாள் காலை)

கார்த்தி: 📷 எடுத்துவிட்டேன்.

பெரியப்பா: அடேயப்பா, முதல் ஆளிடம் எத்தனை சைபர்!

நித்யா: அப்பா, வலது பக்கம் 18 இலக்கத்தைத் தள்ளிப் படியுங்கள். புள்ளி வைக்காமல்தான் வரும். கார்த்தி, புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று டெசிமல் பார்த்தாய்தானே? யூஎஸ்டிடி டோக்கனுக்கு 6தான்.

கார்த்தி: பார்த்தேன், இதற்கு 18தான். பெரியப்பா, அந்த முதல் ஆள் ஆளே இல்லை, யூனிஸ்வாப் பூல், அதாவது டோக்கனை வாங்க விற்க வைத்திருக்கும் பொது இருப்பு. அடுத்தது டோக்கனை உருவாக்கியவரின் வாலட். மிச்சத்தில் பெரும்பாலான முகவரிகளில் சரியாக 100 டோக்கன். எல்லாம் ஒரே நாளில், ஒரே வாலட்டிலிருந்து போனவை. யாரையும் கேட்காமலே யாருக்கும் அனுப்பலாம். உங்கள் 9,000 பேர் அப்படி வந்தவர்கள்தான்.

அத்தை: வாசலில் நோட்டீஸைப் போட்டுவிட்டு, இந்த வீடும் எங்கள் கட்சி என்கிறானா?

கார்த்தி: 😂 அதேதான்.

பெரியப்பா: சரி, அதில் நான் எத்தனையாவது?

நித்யா: அப்பா??

பெரியப்பா: 5,000 ரூபாய்க்குத்தான். நண்பர் தன் வாலட்டில் போட்டு வைத்திருக்கிறார்.

கார்த்தி: அவர் வாலட் என்றால் நீங்கள் பட்டியலிலேயே இல்லை, பெரியப்பா. செயினைப் பொறுத்தவரை அது அவருடைய பணம்.

அத்தை: அண்ணா, அண்ணியும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

பெரியப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: படித்துவிட்டேன்.