அம்மாவுக்கு ஐம்பதுக்கு மேல், அக்காவுக்கு முப்பதுக்குள்: ருமட்டாய்டு பற்றி உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டித்தான் ருமட்டாய்டு முடக்குவாதம் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) வந்தது. அக்காவுக்கோ முப்பது முடிவதற்குள்ளேயே வந்துவிட்டது. காலையில் விரல் மடங்காது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குகிறாள். இருவருக்கும் ஆன்டி-சிசிபி (இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் ரத்த எதிர்ப்பொருள்) பாசிட்டிவ்.

ஒரே குடும்பத்தில் ஏன் இத்தனை வருட வித்தியாசம்? படித்துப் புரிந்தவரை, நோய் எதிர்ப்பு வேலையில் பங்குள்ள எச்எல்ஏ-டிஆர்பி1 மரபணுவின் சில வகைகள்தான் பெரிய காரணி. அவற்றில் பொதுவாக இருக்கும் ஒரு சிறு அமினோ அமிலத் தொடரை 1987-லேயே சுட்டிக்காட்டிவிட்டார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த வகை வந்தால் நோய் இளவயதிலேயே தொடங்கும் வாய்ப்பு கூடுமாம். ஐரோப்பியர்களிடம் அதிகம் பேசப்படும் பிடிபிஎன்22 என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம் நம்மவர்களிடம் அரிது. அதற்காக எல்லாமே மரபணு என்றும் சொல்ல முடியாது. ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் 15 சதவீதம்தான். புகைபிடித்தால் ஆபத்து இன்னும் ஏறும் (எங்கள் மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!).

சரி, கேள்விக்கு வருகிறேன். எனக்கு மூட்டுவலி எதுவும் இல்லை. ஆன்டி-சிசிபி பல வருடம் முன்பே ரத்தத்தில் தெரியலாம் என்பதால் இப்போதே டெஸ்ட் எடுப்பதில் பயன் உண்டா? எச்எல்ஏ டைப்பிங் (எச்எல்ஏ மரபணு எந்த வகை என்று பார்க்கும் டெஸ்ட்) செய்தவர்கள் இருந்தால், அதை வைத்து மருத்துவர் எதையாவது மாற்றினாரா? எண்ணெய், கஷாயம் பரிந்துரைகள் வேண்டாம், வீட்டில் அலமாரி நிறைய இருக்கிறது. உங்கள் குடும்பத்திலும் அடுத்த தலைமுறைக்குச் சீக்கிரமே வந்திருந்தால், யாருக்கு எந்த வயதில் என்று மட்டுமாவது எழுதுங்கள்.