பெண் பாம்பை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை சோடி சேர்க்கலாம்? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

உப்புவெளியான்:

கனடாவில், ஸ்காபரோவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுப் போன வருடம்தான் ஊருக்கு வந்தேன். திருகோணமலையில் வீட்டுக்குள் பாம்பு வளர்க்கிற கதையே இல்லை. வளர்த்தால் அம்மா வீட்டை விட்டுப் போய்விடுவா, வனஜீவராசிகள் ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். அங்கே மச்சானும் நானும் ball python என்கிற சின்ன மலைப்பாம்புச் சாதியில், "போல் பைத்தன்" என்போம், ஒரு பெண் வைத்திருந்தோம். இப்போது அது அவனிடம். நேற்று இரவு போன் எடுத்து, "இந்த முறையும் ஆணை விடட்டா?" என்று கேட்டான். விடாதே என்றேன்.

முதல் முறை சேர்த்தபோது அதற்கு நாலு வயது, 1,780 கிராம். சமையலறைத் தராசில்தான் நிறுப்போம். விற்ற ஆள் வருடா வருடம் சேர்க்கலாம் என்று சொல்லியிருந்தார், நாங்களும் நம்பினோம். முட்டை ஏழு, எல்லாம் சேர்த்து 610 கிராம். இடுவதற்குச் சில மாதம் முன்பிருந்தே எலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டைகளை எடுத்த அன்று தாய் 1,090 கிராம். கையில் எடுத்தால் முதுகெலும்பு கூரை முகடு மாதிரி எழும்பி நின்றது. இரண்டு பக்கத் தோலும் தோய்த்துத் தோய்த்துத் தளர்ந்த சாரம் மாதிரி மடிந்து கிடந்தது. முட்டையைக் கண்ணில் காட்டாமல் எடுத்த பிறகும் அது அந்த இடத்தையே சுற்றிக்கொண்டு கிடந்தது. முட்டை வாசனை போனால்தான் சாப்பிடும் என்று ஒருவர் சொன்னார். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, விரிப்பையும் மாற்றினோம். ஐந்தாம் நாள் ஒரு சின்ன எலியை எடுத்தது.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வருடம் 1,400 கிராமிலேயே திரும்பச் சேர்த்தோம், ஆசைதான். நாலு நல்ல முட்டை, கருவில்லாத இரண்டு மஞ்சள் கூழ் முட்டை, கடைசி ஒன்று வெளியே வராமல் வயிற்றிலேயே இறுகிவிட்டது. ஒரு ஊசி போட்டால் வந்துவிடும் என்று நினைத்துப் போனோம். கன்று ஈன மாட்டுக்குப் போடுகிற ஒட்சிடோசின் ஊசி பாம்பிடம் பெரிதாக வேலை செய்யாது என்றார் டொக்டர். வெளியிலிருந்து ஊசியால் குத்தி முட்டைக்குள் இருந்ததை உறிஞ்சி எடுத்தார். சுருங்கிய ஓடு இரண்டு நாள் கழித்து வந்தது. செலவு எவ்வளவு என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

வயல்கரை:

அண்ணா, எங்களுக்குத் தம்பலகாமம். எங்கள் பக்கம் யாரும் பாம்பைச் சேர்த்து வைப்பதில்லை, அவை தாமாகவே வரும். ஒருமுறை அறுவடை மெசினில் ஒரு புடையன் (கண்ணாடி விரியன்) அகப்பட்டது. புடையன் குட்டி போடுகிற சாதி. வயிறு கிழிந்து கிடந்ததில் அப்பா தடியால் தள்ளித் தள்ளி எண்ணினார், 31 குட்டி. அவ்வளவையும் சுமந்துகொண்டு அது எப்படி எலி பிடித்திருக்கும் என்று அன்று முழுக்க யோசித்தேன். ஒரு சந்தேகம், சேர்க்காமலே விட்டால் பெண்ணுக்கு வருத்தம் ஏதும் வராதா? கோழி வளர்க்கிற சித்தி அப்படித்தான் சொல்கிறா.

பேராதனையில் படிக்கிறேன்:

மிருக வைத்தியம் மூன்றாம் வருடம், சொந்த இடம் திருகோணமலை ஓர்ஸ் ஹில். அக்கா, ஆணோடு சேராததால் மட்டும் பெண் பாம்புக்கு வருத்தம் வராது. வாழ்நாள் முழுக்கச் சேராமலும் நன்றாக இருக்கும். பெட்டிக்குள் அசையாமல் கிடந்து கொழுத்த பாம்புக்குத்தான் முட்டை இறுகுகிற ஆபத்து கூட. மெலிந்ததற்கும் அதே ஆபத்து உண்டு, உப்புவெளி அண்ணாவுக்கு நடந்ததைப் போல.

முட்டைக்கான சத்தைப் பாம்பு முன்கூட்டியே உடம்பில் கொழுப்பாகச் சேர்த்து வைக்கிறது. பிரான்சில் ஆஸ்ப் விரியன் (asp viper, புடையன் இனம்) பாம்புகளை வருடக்கணக்காகப் பிடித்து, எடை பார்த்து, திரும்ப விட்டுப் பார்த்திருக்கிறார்கள். கொழுப்பு ஒரு அளவைத் தாண்டினால்தான் பெண் சினைப்படும், அதற்கு இரண்டு மூன்று வருடம்கூடப் போகும். வட அமெரிக்காவின் டிம்பர் கிலுகிலுப்பைப் பாம்பு மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் குட்டி போடும். கோர்ன் ஸ்னேக் (corn snake, வீட்டில் வளர்க்கிற விஷமில்லாத பாம்பு) நேர்மாறு, தீனி தாராளமாகக் கிடைத்தால் ஒரே வருடத்தில் இரண்டு தரம்கூட இடும். முடிகிறதே என்று விடக்கூடாது.

அதனால் கலண்டரைப் பார்க்காமல் முதுகைத் தடவிப் பாருங்கள். பழைய எடை முழுக்கத் திரும்பி, முகடு மறைந்து, தவறாமல் சாப்பிட்டால் யோசிக்கலாம். போல் பைத்தனுக்கு அது அநேகமாக ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் என்றுதான் வரும். இன்னொன்று, போன வருடத்து ஆணின் விந்தைப் பெண் உள்ளேயே வைத்திருக்கக்கூடும். ஆண் இல்லாமலே முட்டை வந்தால் பயப்பட வேண்டாம்.

கிண்ணியா நானா:

தம்பிமாரே, நான் படித்தவன் இல்லை, கண்டதைச் சொல்கிறேன். கந்தளாய்ப் பக்கம் ஒரு பாழடைந்த மதகுக்குள் வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) ஒன்று முட்டையைச் சுற்றிக் கிடந்தது, மே மாதம். மாடு பார்க்கப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். மழை பெய்த ஒரு விடியற்காலை அதன் உடம்பு விட்டு விட்டுத் துடித்தது, விக்கல் எடுக்கிற மாதிரி. சாகப் போகுது என்று நினைத்தேன். முட்டைக்குச் சூடு கொடுக்கத்தான் அப்படித் துடிக்கும் என்று பிறகு மகன் சொன்னான். இரண்டு மாதமும் அது இரை எடுத்து நான் காணவில்லை. அதற்கு வால் நுனி கிடையாது, எங்கே கண்டாலும் தெரியும். அடுத்த மே மாதமும் அதே மதகடியில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. உள்ளே குனிந்து பார்த்தேன், முட்டை இல்லை.

உப்புவெளியான்:

நானா, அந்த விக்கலை நானும் பார்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இதையெல்லாம் மச்சானுக்கு அனுப்பினேன். உடனே பாம்பை எடை பார்த்துப் படம் போட்டான், 1,520 கிராம். ஆணை வேறு பொக்ஸுக்கு மாற்றிவிட்டானாம், அது கோபத்தில் சாப்பிடாமல் கிடக்கிறதாம். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. சோடி தேடுகிற காலத்தில் ஆண் பாதி நாள் அப்படித்தான் கிடக்கும் என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.