புகைபோக்கிச் சுவரை இடித்த வீடு, சான்றிதழ் இல்லை: எக்ஸ்சேஞ்ச் செய்யலாமா?

வணக்கம். லண்டன் குரோய்டனில் 1930களில் கட்டிய டெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டியது) ஒன்றை வாங்கப் போகிறேன், ஃப்ரீஹோல்ட் (நிலமும் சேர்த்துச் சொந்தம்). என் ஆஃபரை ஏற்று ஒன்பது வாரம் ஆகிறது, எக்ஸ்சேஞ்ச் (இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தப் பரிமாற்றம்) இன்னும் ஆகவில்லை. கீழ்த்தளத்திலும் மாடியிலும் புகைபோக்கிச் சுவரை 2016-ல் இடித்திருக்கிறார்கள். பில்டிங் ரெகுலேஷன்ஸ் (கட்டட விதிகள்) சான்றிதழ் கிடையாது. பரணில் ஏறிப் பார்த்தால், மிச்சமிருக்கும் செங்கல் பாரம் முழுக்க இரண்டு முக்கோண இரும்புத் தாங்கிகள் மேல் நிற்கிறது. அதற்கு நேர் கீழே படுக்கையறை சீலிங்கில் மயிரிழை விரிசல்.

லெவல் 3 சர்வே (வீட்டின் நிலையை விரிவாகப் பார்க்கும் ஆய்வு) எடுத்தாயிற்று. ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை வைத்துப் பார்க்கச் சொல்கிறது. அவர் அடுத்த வாரம் வருகிறார். கடன் தரும் வங்கிக்கு என் சொலிசிட்டர் (வக்கீல்) தெரிவித்துவிட்டார், பதில் இல்லை. ரெகுலரைசேஷன் சான்றிதழுக்கு (முன்பே முடிந்த வேலைக்கு கவுன்சில், அதாவது உள்ளூராட்சி, பின்னால் தருவது) விண்ணப்பிக்கச் சொன்னால் விற்பவர் மறுக்கிறார், இன்டெம்னிட்டி பாலிசிக்கு (சான்றிதழ் இல்லாததற்கான காப்பீடு) பணம் கட்டுகிறேன் என்கிறார். அந்தப் பாலிசி கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் கைகொடுக்கும். செங்கல் சரிந்தால் சல்லிக்காசு வராது. எனக்கு பயமே அதுதான். கவுன்சிலிடம் விசாரித்துவிட்டால் பொதுவாகப் பாலிசி தரமாட்டார்கள் என்பதால் அங்கே இதுவரை வாய் திறக்கவில்லை.

எஞ்சினியர் தாங்கிகள் போதும் என்று எழுதிக் கொடுத்தால், பாலிசியோடு எக்ஸ்சேஞ்ச் செய்யலாமா, இல்லை சான்றிதழ் கைக்கு வரும்வரை நிறுத்தி வைக்க வேண்டுமா?